நாற்பதுக்குப் பிறகு பவர்லிஃப்டிங்: வெறும் பாரிலிருந்து போட்டி மேடை வரை

பவர்லிஃப்டிங் என்பது மூன்றே மூன்று தூக்குகள்தான். எடைகள் மாட்டும் நீண்ட இரும்புக் கம்பிதான் பார். அந்தப் பாரைத் தோளில் சுமந்து உட்கார்ந்து எழுவது ஸ்குவாட். பெஞ்சில் படுத்துப் பாரை நெஞ்சுவரை இறக்கி மேலே தள்ளுவது பெஞ்ச் பிரஸ். தரையில் கிடக்கும் பாரைப் பிடித்து நிமிர்ந்து நிற்பது டெட்லிஃப்ட். போட்டியில் ஒவ்வொன்றுக்கும் மூன்று வாய்ப்பு. மூன்றிலும் செல்லுபடியான அதிகபட்ச எடைகளைக் கூட்டினால் உங்கள் டோட்டல். ஒலிம்பிக்கில் பார்க்கிற வெயிட்லிஃப்டிங் வேறு விளையாட்டு. அதில் பாரைத் தலைக்கு மேல் கொண்டுபோக வேண்டும், வேகமும் மூட்டு வளைவும் நிறையத் தேவை. நாற்பத்தைந்து வயதில் புதிதாகத் தொடங்குகிறவருக்குப் பவர்லிஃப்டிங்தான் கைக்கு எட்டுகிற விளையாட்டு.

வயதானவர்களுக்கு இதில் தனி இடமும் இருக்கிறது. 1972இல் தொடங்கப்பட்ட சர்வதேச பவர்லிஃப்டிங் கூட்டமைப்பின் (ஐ.பி.எஃப்.) விதிப்படி மாஸ்டர்ஸ் பிரிவு நான்கு வகை: 40–49, 50–59, 60–69, 70க்கு மேல். பிறந்த தேதியைப் பார்ப்பதில்லை, ஆண்டைத்தான் பார்க்கிறார்கள். டிசம்பரில் நாற்பதாகப் போகிறவர் அந்த ஆண்டு ஜனவரி 1ஆம் தேதியே மாஸ்டர்ஸ் ஆகிவிடுகிறார். அமெரிக்காவின் ஃபுளோரிடாவைச் சேர்ந்த எடித் முர்வே-ட்ரெய்னா 91 வயதில் எடை தூக்கத் தொடங்கி, நூறு வயதில் உலகின் மிக மூத்த பெண் பவர்லிஃப்டராகக் கின்னஸ் புத்தகத்தில் இடம்பிடித்தார். நமக்குப் பக்கத்தில் பொள்ளாச்சியைச் சேர்ந்த கிட்டம்மாள் பாட்டி எண்பது வயதைத் தாண்டிய பிறகு கோவையில் நடந்த போட்டியில் 50 கிலோ டெட்லிஃப்ட் செய்தார். ஆக, வயது ஒரு சாக்கு இல்லை. ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது, அதைப் புரிந்துகொண்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது.

புதிதாகத் தொடங்குகிறவருக்கு முதல் இரண்டு மூன்று மாதங்களில் எடை மளமளவென்று ஏறும். தசை பெருத்துவிட்டதால் வருகிற ஏற்றம் இல்லை அது. ஏற்கெனவே இருக்கிற தசையை நரம்புகள் நன்றாக வேலை வாங்கக் கற்றுக்கொள்கின்றன, பெரும்பகுதி அவ்வளவுதான். தசையை எலும்போடு கட்டியிருக்கும் தசைநாண்கள் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. அவற்றுக்கு ரத்த ஓட்டமும் குறைவு, வயது ஏற ஏற நெகிழ்வும் குறைகிறது. அவை பலப்பட மாதக்கணக்கில் ஆகும். இருபது வயதுப் பையனுக்கு இந்த இடைவெளி சின்னது, தப்பித்துவிடுவான். நமக்குப் பெரியது. நடுவயதில் முழங்கை வலி, தோள் வலி, முட்டி வலி என்று மூன்றாவது மாதத்தில் ஜிம்மை விட்டுப் போகிறவர்களில் பெரும்பாலோர் சிக்குவது இந்த இடைவெளியில்தான். இந்தக் கட்டுரையில் நான் 'குறைவாக', 'மெதுவாக' என்று திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இதுதான், பயமுறுத்துவதற்காக இல்லை.

முதலில் டாக்டர்

ஜிம்முக்குப் பணம் கட்டும் முன் ஒருமுறை ரத்த அழுத்தம், சர்க்கரை, ஈ.சி.ஜி. பார்த்துவிடுங்கள். கனமான எடையைத் தூக்கும்போது மூச்சை அடக்கி வயிற்றை இறுக்குகிறோம். அந்தச் சில விநாடிகளில் ரத்த அழுத்தம் நினைத்துப் பார்க்க முடியாத அளவுக்கு ஏறும். 1985இல் கனடாவில் பாடிபில்டர்களின் தமனிக்குள் நேரடியாக அளந்து பார்த்தார்கள். இரண்டு காலாலும் லெக் பிரஸ் (காலால் எடையைத் தள்ளும் மெஷின்) செய்யும்போது சராசரி 320/250. எடையை வைத்ததும் உடனே இறங்கிவிட்டது. ஆரோக்கியமான ரத்தக் குழாய் இதைத் தாங்கும். கட்டுக்குள் வராத பி.பி. உள்ளவர் முதலில் அதைக் கட்டுக்குள் கொண்டுவந்துவிட்டுத்தான் பார் பக்கம் போக வேண்டும்.

சர்க்கரை நோய் பல ஆண்டுகளாக இருந்தால் கண் விழித்திரைப் பரிசோதனை கட்டாயம். விழித்திரையில் புதிய ரத்தக் குழாய்கள் முளைத்திருந்தால் மூச்சை அடக்கித் தூக்குவது கண்ணுக்குள் ரத்தக் கசிவில் கொண்டுபோய் விடலாம். இன்சுலினோ சர்க்கரையை இறக்கும் சில வகை மாத்திரைகளோ எடுப்பவர்கள் பயிற்சிக்கு முன்னும் பின்னும் சர்க்கரை பார்த்துக்கொள்ள வேண்டும், பையில் ஏதாவது இனிப்பு இருக்க வேண்டும். குடலிறக்கம் இருந்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள்.

பெண்களுக்கு ஒரு விஷயம். 'வெயிட் தூக்கினால் கர்ப்பப்பை இறங்கிவிடும்' என்று யாராவது சொல்லாமல் இருக்கமாட்டார்கள். ஏற்கெனவே இறக்கம் இருப்பவர்கள், தும்மினாலோ தூக்கினாலோ சிறுநீர் கசிகிறவர்கள், இடுப்புத்தளத் தசைகளைப் பார்க்கும் பிசியோதெரபிஸ்டிடம் முதலில் காட்டுவது நல்லது. அதற்கென்று பயிற்சி உண்டு. மற்றபடி மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எடைப் பயிற்சியால் கிடைக்கும் பலன் கொஞ்சநஞ்சமில்லை. ஆஸ்திரேலியாவில் எலும்பு அடர்த்தி குறைந்த நூறு பெண்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. அதில் ஒரு பிரிவினர் வாரத்துக்கு இரண்டு நாள், அரை மணி நேரம், 8 மாதம் டெட்லிஃப்டும் ஸ்குவாட்டும் கனமாகச் செய்தார்கள். கண்காணிப்போடுதான். அவர்களுடைய முதுகெலும்பின் அடர்த்தி ஏறத்தாழ 3 சதவீதம் கூடியது. வீட்டில் லேசான பயிற்சி மட்டும் செய்த மற்றவர்களுக்குக் குறைந்தது.

எந்த ஜிம்?

ஏ.சி., கண்ணாடி, பாட்டு எதுவும் கணக்கில்லை. ஸ்குவாட் ரேக், அதாவது ஸ்குவாட்டுக்குப் பாரை வைத்து எடுக்கும் சட்டம், இருக்கிறதா, அதில் பாரைத் தாங்குகிற பாதுகாப்புக் கம்பிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். ரேக்குக்குள் நின்று ஒருத்தர் பைசெப்ஸ் கர்ல் அடித்துக்கொண்டிருந்தால் பரவாயில்லை, அது எல்லா ஊரிலும் இருக்கிற காட்சி. ஆனால் ரேக்கே இல்லை, ஸ்மித் மெஷின் (பார் தண்டவாளத்தில் மேலும் கீழும் மட்டும் நகர்கிற கருவி) மட்டும்தான் என்றால் வேறு இடம் தேடுங்கள். டெட்லிஃப்ட் செய்ய விடுவார்களா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். மாடியில் இருக்கும் பல ஜிம்களில் கீழ்வீட்டுக்காரருக்காக அனுமதிப்பதில்லை. சுண்ணாம்புப் பொடி, அதாவது கைவியர்வைக்குப் போடும் மெக்னீசியம் கார்பனேட், அனுமதி உண்டா என்றும் கேளுங்கள். சித்திரை, வைகாசியில் சென்னையில் அது இல்லாமல் பாரைப் பிடிப்பது சிரமம்.

போட்டி பாரின் எடை 20 கிலோ. நம் ஊர் ஜிம் பார்கள் 8 கிலோவில் தொடங்கி எத்தனையோ எடைகளில் இருக்கின்றன, கேட்டால் 'எல்லாம் இருபதுதான் சார்' என்பார்கள். எடை பார்க்கும் மெஷினில் நீங்கள் தனியாக ஏறி, பிறகு பாரோடு ஏறி, வித்தியாசத்தைக் குறித்துவையுங்கள். பாரில் மாட்டும் வட்டத் தட்டுகளான பிளேட்டுகளையும்தான். நோட்டில் எழுதுகிற எண்ணே தப்பாக இருந்தால் அப்புறம் எல்லாக் கணக்கும் தப்பு.

பயிற்சியாளர் பெரும்பாலும் உங்களைவிட இருபது வயது இளையவராக இருப்பார். முதல் நாளே உங்கள் பழைய முதுகுவலி, முட்டி ஆபரேஷன் எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். 'பத்து கிலோ ஏத்தலாம்ணா, வரும்' என்று உற்சாகப்படுத்துகிறவரைவிட, 'இன்னிக்கு இது போதும்' என்று சொல்லத் தெரிந்தவர் நமக்கு உகந்தவர்.

மூன்று தூக்குகள்

ஸ்குவாட்டில் மேடையில் பார்க்கிற முக்கியமான விஷயம் ஆழம். இடுப்பு மடிப்பில் தொடையின் மேல்பரப்பு, முட்டியின் உச்சியைவிடக் கீழே போக வேண்டும். ஒரு அங்குலம் குறைந்தாலும் நடுவரின் சிவப்பு விளக்கு, தூக்கு செல்லாது. அதனால் எடை ஏற்றும் முன் ஆழத்தைப் பழகுங்கள். தரையில் சம்மணம் போட்டுச் சாப்பிடுகிறவர்களுக்கும் குந்தி உட்காரும் பழக்கத்தை விடாதவர்களுக்கும் இது பெரும்பாலும் எளிதாக வரும். நாற்காலியும் வெஸ்டர்ன் டாய்லெட்டுமே வாழ்க்கையாகிவிட்டவர்கள், ஒரு டம்பெல்லை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு உயரம் குறைந்த ஸ்டூலில் உட்கார்ந்து எழுந்து பழகலாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஸ்டூலின் உயரத்தைக் குறையுங்கள். நம் தாத்தாக்கள் பஸ்கி எடுத்தபோது குதிகாலைத் தூக்கித்தான் எடுத்தார்கள். இங்கே குதிகால் தரையில் இருக்க வேண்டும், எடை பாதத்தின் நடுவில் விழ வேண்டும்.

தோள் இறுகிப் போனவர்களுக்கு, குறிப்பாகச் சர்க்கரை உள்ளவர்களிடம் அதிகம் காணும் 'ஃப்ரோசன் ஷோல்டர்' வந்துபோனவர்களுக்கு, பாரை முதுகில் பிடிப்பதே பெரும்பாடு. பாரைக் கழுத்தடியில் சற்று மேலே வைத்து, கைகளை அகலமாகப் பிடியுங்கள். முழங்கை உள்பக்கம் வலி வந்தால் பெரும்பாலும் பெஞ்ச் பிரஸ்ஸைத் திட்டுவோம். உண்மையான குற்றவாளி ஸ்குவாட்டில் குறுகலாகப் பிடித்த பிடியாக இருக்கும்.

பெஞ்ச் பிரஸ்ஸில் தலை, தோள், புட்டம் மூன்றும் பெஞ்சில் ஒட்டியிருக்க வேண்டும், பாதம் முழுதாகத் தரையில். தோள்பட்டைகளைப் பின்னால் இழுத்து ஒடுக்கிக்கொண்டு படுங்கள், முழங்கையை உடம்புக்குச் செங்குத்தாக விரிக்காமல் கொஞ்சம் உள்ளே வையுங்கள். தோள்மூட்டு நன்றி சொல்லும். ஜிம்மில் எல்லாரும் நெஞ்சில் பட்டதும் குதிக்கவிட்டு மேலே தள்ளுகிறார்கள். போட்டியில் பார் நெஞ்சில் அசையாமல் நின்ற பிறகுதான் நடுவர் 'பிரஸ்' என்பார். குதிக்கவிட்டு 70 கிலோ போடுகிறவர் நிறுத்தித் தள்ளச் சொன்னால் 60க்கே திணறுவது சகஜம். ஆகவே முதல் நாளிலிருந்தே ஒரு விநாடி நிறுத்திப் பழகுங்கள். தனியாகச் செய்யும்போது பாரின் முனைகளில் பிளேட் நழுவாமல் பிடிக்கும் கிளிப்பைப் போடாதீர்கள். மாட்டிக்கொண்டால் ஒரு பக்கம் சாய்த்துப் பிளேட்டைச் சரியவிட்டுத் தப்பிக்கலாம்.

டெட்லிஃப்ட்தான் பார்க்கப் பயமாக இருப்பது. நிஜத்தில் கற்றுக்கொள்ள மூன்றிலும் எளிது. பார் பாதத்தின் நடுப்பகுதிக்கு மேலே, கணுக்காலிலிருந்து இரண்டு மூன்று விரல் தள்ளி இருக்கட்டும். குனிந்து பிடியுங்கள், முட்டிக்குக் கீழே காலின் முன்பக்கம் பாரைத் தொடும் வரை முட்டியை மடக்குங்கள், நெஞ்சை நிமிர்த்துங்கள், மூச்சை வயிற்றில் நிரப்பி இறுக்குங்கள், தரையைக் காலால் தள்ளுவதாக நினைத்து எழுங்கள். பார் காலோடு உரசிக்கொண்டே வர வேண்டும். பெரிய பிளேட்டின் விட்டம் 45 செ.மீ., அதாவது பார் தரையிலிருந்து 22.5 செ.மீ. உயரத்தில் இருக்கும் என்ற கணக்கில் வைத்த நிலை இது. சின்னப் பிளேட்டைப் போட்டுத் தரையிலிருந்து எடுத்தால் தேவையில்லாமல் அதிகம் குனிவீர்கள். அடியில் பிளேட்டுகளை அடுக்கி உயரத்தைச் சரிசெய்யுங்கள்.

பிடி பற்றி ஒரு எச்சரிக்கை. எடை கூடும்போது ஒரு கை உள்ளே, ஒரு கை வெளியே பார்க்கிற கலப்புப் பிடிக்குப் போவார்கள். உள்ளங்கை முன்பக்கம் பார்க்கிற கையை லேசாக மடக்கி இழுத்தால் பைசெப்ஸ் தசைநாண் அறுந்துபோகும் ஆபத்து உண்டு, நடுவயது ஆண்களுக்குத்தான் இது அதிகம் வருகிறது. கைகளை வெறும் கயிறாக நினைத்துக்கொள்ளுங்கள், நேராகத் தொங்கட்டும்.

முதல் 12 வாரம்

வாரத்தில் இரண்டு நாள். ஆமாம், இரண்டே நாள். மீதி நாளில் நடங்கள்.

இடையில் ஓய்வில்லாமல் தொடர்ந்து செய்கிற தடவைகள் ஒரு செட்.
முதல் நாள்: ஸ்குவாட் 3 செட், ஒவ்வொன்றிலும் 5 தடவை. பெஞ்ச் பிரஸ் 3 செட், 5 தடவை. குனிந்து இழுக்கும் ரோயிங் 3 செட், 8 தடவை.
இரண்டாம் நாள்: டெட்லிஃப்ட் 2 செட், 5 தடவை. லேசான ஸ்குவாட் 2 செட், 5 தடவை. டம்பெல் பிரஸ் 3 செட், 8 தடவை. பிளாங்க் (முழங்கையும் கால்விரலும் மட்டும் ஊன்றி உடலை நேராக வைத்திருப்பது) இரண்டு மூன்று முறை.

ஸ்குவாட்டும் பெஞ்சும் வெறும் பாரில் தொடங்குங்கள். டெட்லிஃப்ட் 40 கிலோவில், பெண்கள் 30இல் தொடங்கலாம். ஸ்குவாட்டிலும் டெட்லிஃப்டிலும் வாரம் 2.5 கிலோ ஏற்றுங்கள், பெஞ்சில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. இந்தக் கணக்கில் 12ஆம் வாரம் ஸ்குவாட் 47.5, பெஞ்ச் 32.5, டெட்லிஃப்ட் 67.5 கிலோவில் நிற்கும். பக்கத்து பெஞ்சில் கல்லூரிப் பையன் நூறு போட்டுக்கொண்டிருப்பான். போடட்டும். ஆறாவது வாரத்தில் உங்களுக்கே 'இது ரொம்ப லேசா இருக்கே' என்று கை துறுதுறுக்கும். இரட்டிப்பாகக்கூடத் தூக்க முடியும் என்று தோன்றும், தூக்கவும் முடியலாம். நான் முன்னே சொன்ன இடைவெளி திறந்திருப்பது சரியாக அப்போதுதான். தசைநாண்களுக்காகக் காத்திருக்கிறோம்.

வார்ம் அப் என்றால் ஐந்து நிமிடம் சைக்கிள், பிறகு வெறும் பாரில் இரண்டு செட், அப்புறம் படிப்படியாக அன்றைய எடை. இருபது வயதில் நேரே எடைக்குப் போயிருப்போம், இப்போது முதல் பதினைந்து நிமிடம் மூட்டுகளுக்கு என்று எழுதிவைத்துவிடுங்கள்.

அதற்குப் பிறகு

13ஆம் வாரத்திலிருந்து வாரம் மூன்று நாள் வேண்டுமானால் ஆக்கலாம், கட்டாயமில்லை. வாராவாரம் ஏற்றுவது இனி நடக்காது. நான்கு வாரச் சுற்றாகப் போங்கள்: முதல் வாரம் 3 செட்டில் 6 தடவை, இரண்டாம் வாரம் 4 செட்டில் 5, மூன்றாம் வாரம் எடையைக் கூட்டி 5 செட்டில் 3, நான்காம் வாரம் எல்லாவற்றையும் பாதியாகக் குறைத்து ஓய்வு. அடுத்த சுற்றை 2.5 கிலோ கூடுதலாகத் தொடங்குங்கள். எந்த செட்டிலும் 'இன்னும் இரண்டு தடவை நிச்சயம் முடியும்' என்ற இடத்தில் நிறுத்த வேண்டும். உயிரைக் கொடுத்து எடுக்கும் கடைசி ஒன்று மேடைக்கு மட்டும்.

நான்காவது வார ஓய்வை விட்டுவிட்டு ஓடுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். நாற்பதுக்கு மேல் பயிற்சியைவிட அதிலிருந்து மீள்வதுதான் தட்டுப்பாடான பொருள். தூக்கம் ஆறு மணி நேரத்துக்குக் கீழே போன நாளில், அலுவலகத்தில் கத்திவிட்டு வந்த நாளில், அன்றைய எடையில் பத்து சதவீதம் குறைத்துக்கொள்ளுங்கள், யாரும் கேட்கப்போவதில்லை.

வலி வந்தால்: பத்துக்கு மூன்றுக்குள் இருந்து, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டால் அதே எடையில் தொடரலாம். வாராவாரம் கூடிக்கொண்டே போனால் எடையைக் குறையுங்கள், முழுதாக நிறுத்திவிடாதீர்கள். தசைநாணுக்கு முழு ஓய்வும் ஆகாது. நெஞ்சுவலி, திடீர்த் தலைவலி, காலில் மரத்துப்போதல், சிறுநீர் கட்டுப்பாடு போவது, கண்ணில் மின்னல் அடிப்பது, இவற்றில் எது வந்தாலும் நேரே ஆஸ்பத்திரி.

சாப்பாடு

தட்டில் சோறு மலையாகவும் புரதம் ஓரமாகவும் இருக்கிற வரை எடை ஏறாது. உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் புரதம் என்று வைத்துக்கொண்டால், 70 கிலோ இருப்பவருக்கு நாளைக்கு 84 முதல் 112 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம். ஒரு கப் கொண்டைக்கடலைச் சுண்டலில் 14 கிராம். 100 கிராம் பனீரில் 18 கிராம், மீல்மேக்கர் 50 கிராமில் சுமார் 25. சமைத்த கோழியோ மீனோ 150 கிராம் என்றால் 35 கிராமுக்கு மேல். இரண்டு இட்லியில் 4 கிராம்தான், சட்னியை எண்ணாதீர்கள். சைவர்கள் மீல்மேக்கரை வாரத்தில் சில நாளாவது சேர்த்துக்கொண்டால் கணக்கு எளிதாகிவிடும். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களுக்கு இந்த அளவு பொருந்தாது, டாக்டர் சொல்வதுதான்.

சப்ளிமென்ட்டில் காசுக்கு மதிப்புள்ளது கிரியேட்டின் மோனோஹைட்ரேட், தினம் 3 முதல் 5 கிராம். அதை எடுக்கும்போது ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் சற்றுக் கூடுதலாகக் காட்டலாம். டாக்டரிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் சிறுநீரகம் கெட்டுவிட்டதோ என்று வீடே கலங்கிவிடும்.

போட்டிக்குப் பெயர் கொடுப்பது

தொடங்கி ஒன்பது மாதமோ ஒரு வருடமோ ஆனதும் ஒரு உள்ளூர்ப் போட்டிக்குப் பெயர் கொடுங்கள். 'இன்னும் கொஞ்சம் பலம் வரட்டும்' என்று தள்ளிப்போடுகிறவர்கள் கடைசிவரை போவதில்லை. மாஸ்டர்ஸ் பிரிவில் கூட்டம் குறைவு, உங்கள் எடைப் பிரிவில் நீங்கள் ஒருவர் மட்டுமே இருக்கவும் வாய்ப்புண்டு. பதக்கம் வாங்கிக்கொண்டு வாருங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

இந்தியாவில் ஐ.பி.எஃப்.-உடன் இணைந்தது பவர்லிஃப்டிங் இந்தியா. அதன் கீழே மாநில, மாவட்டச் சங்கங்கள். வேறு பல அமைப்புகளும் போட்டி நடத்துகின்றன. எந்த விதிப்புத்தகம், ஊக்கமருந்துப் பரிசோதனை உண்டா, மாஸ்டர்ஸ் பிரிவு தனியாக உண்டா, 'கிளாசிக்' பிரிவா 'எக்விப்ட்' பிரிவா என்று நான்கும் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். எக்விப்ட் என்றால் விறைப்பான சிறப்பு உடைகள், முட்டிச் சுற்று எல்லாம் உண்டு, புதியவருக்கு வேண்டாம். கிளாசிக் பிரிவில் அனுமதி உள்ளவை: ஒற்றைத்துணியாக உடம்போடு ஒட்டிய சிங்லெட், டி-ஷர்ட், 10 செ.மீ. அகலத்துக்கு மிகாத பெல்ட், முட்டி ஸ்லீவ், மணிக்கட்டுச் சுற்று, டெட்லிஃப்டுக்கு முழங்கால்வரை சாக்ஸ், ஷூ. கையுறையும், கையைப் பாரோடு கட்டும் பிடிப்பட்டையும் கூடாது. வெறுங்காலோடும் ஏற விடமாட்டார்கள். குஷன் வைத்த ஓட்டப்பந்தய ஷூவைவிடத் தட்டையான அடியுள்ள சாதாரண கேன்வாஸ் ஷூ மேல்.

எடைப் பிரிவுக்காகப் பட்டினி கிடக்காதீர்கள். இது முதல் போட்டி. பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவர் தண்ணீரை நிறுத்தி வியர்வை வடித்து எடை குறைப்பது ஆபத்தும்கூட. இன்றைக்கு என்ன எடையோ அந்தப் பிரிவு.

மாத்திரை என்றதும் நடுவயதுக்காரர்கள் மட்டும் கவனிக்க வேண்டிய ஒன்று. ஊக்கமருந்துப் பட்டியல் ஸ்டீராய்டோடு முடிவதில்லை. பி.பி. மாத்திரைகள் பலவற்றில் சேர்ந்து வரும் ஹைட்ரோகுளோரோதயாசைடு, குளோர்தாலிடோன் போன்ற சிறுநீர்ப்பெருக்கிகள் தடைப்பட்டியலில் உள்ளவை. இன்சுலினும் அப்படியே. தோள்வலிக்குப் போடும் ஸ்டீராய்டு ஊசி போட்டிக் காலத்தில் தடை. மெட்ஃபார்மின் பிரச்சினையில்லை. பரிசோதனை உள்ள போட்டிக்குப் போகிறவர் மருந்துச்சீட்டோடு சிகிச்சைக்கான விலக்குக்கு விண்ணப்பிக்க வேண்டும், அல்லது வேறு மாத்திரைக்கு மாற முடியுமா என்று டாக்டரைக் கேட்க வேண்டும். போட்டிக்காக மாத்திரையை நீங்களே நிறுத்திவிடாதீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று அச்சிடாத 'பலம் தரும்' பொடி, லேகியம் எதையும் தொடாதீர்கள்.

மேடை நாள்

கடைசிக் கனமான டெட்லிஃப்ட் போட்டிக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் முன்பு, ஸ்குவாட் ஒரு வாரம் முன்பு, பெஞ்ச் ஐந்து நாள் முன்பு. அதன்பின் லேசாக மட்டும். வயது கூடக்கூட இந்த ஓய்வு இன்னும் நீளலாம்.

போட்டி தொடங்குவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு எடை பார்க்கத் தொடங்குவார்கள். அடையாள அட்டை மறக்காதீர்கள். மூன்று தூக்குக்கும் முதல் எடையை அப்போதே எழுதிக் கொடுக்க வேண்டும், ரேக் உயரமும் சொல்ல வேண்டும். முதல் எடைக்கு என் கணக்கு: காய்ச்சல் வந்து எழுந்த மறுநாளும் மூன்று தடவை தூக்கக்கூடிய எடை எதுவோ, அது. ஜிம்மில் ஸ்குவாட் 80 கிலோ மூன்று தடவை வருகிறது என்றால் மேடையில் 80இல் தொடங்கி, அடுத்து 85, மூன்றாவது அன்றைய தெம்பைப் பார்த்து 87.5 அல்லது 90. ஒருமுறை மேடையில் முயன்ற எடையைவிடக் கீழே இறங்க முடியாது. ஒரு தூக்கில் மூன்று வாய்ப்பும் வீணானால் டோட்டல் கிடையாது. அதனால்தான் முதல் எடையில் வீரம் வேண்டாம் என்கிறேன்.

பெயரைக் கூப்பிட்டு 'பார் தயார்' என்றதும் தொடங்க ஒரு நிமிடம் தருவார்கள். மூன்று நடுவர்கள், இரண்டு வெள்ளை விளக்கு எரிந்தால் தூக்கு செல்லும். ஸ்குவாட்டில் முட்டி நேராக நின்று அசையாமல் இருந்தால் 'ஸ்குவாட்' என்பார்கள், எழுந்து நின்றதும் 'ரேக்'. பெஞ்சில் 'ஸ்டார்ட்', 'பிரஸ்', 'ரேக்' மூன்று கட்டளை. டெட்லிஃப்டில் 'டவுன்' மட்டும். புதியவர்கள் பலத்தால் தோற்பதைவிடக் கட்டளையை முந்திக்கொண்டு தோற்பதுதான் அதிகம். எழுந்துவிட்ட சந்தோஷத்தில் 'ரேக்' சொல்லும் முன்னே பாரை வைத்துவிடுவார்கள். போட்டிக்கு முந்தைய இரண்டு மாதம் வீட்டிலிருந்து யாரையாவது அழைத்துவந்து கட்டளை சொல்லச் சொல்லுங்கள். கொஞ்சம் தாமதமாகச் சொல்பவராக இருந்தால் இன்னும் நல்லது.

ஒரு தூக்கு முடிந்ததும் அடுத்த எடையை ஒரு நிமிடத்துக்குள் மேஜையில் கொடுக்க வேண்டும். மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும் உங்களுக்கு அந்தக் கணக்கு ஓடாது. கூட வரும் நண்பரிடம் முன்கூட்டியே எழுதிய சீட்டைக் கொடுத்துவிடுங்கள். டெட்லிஃப்டுக்கு முன் தொடையில் பவுடர் பூசலாம், குட்டிக்கூராவாக இருந்தாலும் சரி, பார் வழுக்கிக்கொண்டு மேலே வரும். உள்ளங்கையில் மட்டும் படக்கூடாது. எண்ணெய், தைலம் எதுவும் அனுமதியில்லை. நாள் முழுக்கப் போகிற விஷயம் என்பதால் வாழைப்பழம், தயிர்சாதம், உப்புப் போட்ட மோர் என்று வயிற்றுக்குப் பழகியதையே எடுத்துப்போங்கள். புதிதாக எதையும் அன்று முயலாதீர்கள்.

மறுவாரம் முழுதும் நடை மட்டும். பிறகு எடையைப் பாதிக்குக் குறைத்து மறுபடி நான்கு வாரச் சுற்று. ஒன்பது தூக்கில் எவை செல்லவில்லை, ஏன் என்று அன்று இரவே நோட்டில் எழுதிவிடுங்கள். ஆழம் குறைந்ததா, கட்டளையா, பிடியா என்பதைப் பொறுத்துத்தான் அடுத்த சுற்றில் எதற்குக் கூடுதல் செட் என்று முடிவாகும். அடுத்த போட்டிக்கு நான்கு மாதமாவது இடைவெளி விடுங்கள்.